மூடியின் உட்புறத்தில் இருந்த கணக்கு: ஒரு பிட்டரின் பெட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரே ரோலருக்கு ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாக கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உலோகத்தில் செய்யும் உள்ளுறை) கடைந்து கொடுக்கச் சொன்னபோதுதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களின் ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், இருந்து வரும் வேலைதான் எங்கள் சோறு. முதல் புஷ் நான்கு மாதம் ஓடியது. இரண்டாவது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. "ஒங்க கன்மெட்டல் சரியில்ல போல, தம்பி" என்றார் டீமேக்கர், ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே கூடுதலாக வலித்தது.

தேயிலை ரோலரைப் பார்க்காதவர்களுக்கு: வாடிய கொழுந்தை நிரப்பிய பெரிய உருளைப் பெட்டி ஒன்று, பித்தளைத் தட்டு பதித்த மேசைக்கு மேல் வட்டம் வட்டமாக நகரும். பெட்டி தன்னைத்தானே சுற்றாது. அம்மி மேல் குழவி வட்டமிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அதைத் தாங்கி நகர்த்துபவை மூன்று கிராங்குகள். ஒவ்வொரு கிராங்கின் நுனியிலும் ஒரு பின். அந்தப் பின் ஒரு கன்மெட்டல் புஷ்ஷுக்குள் ஓடும். நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் சுற்றுத்தான். வேகமான இயந்திரம் இல்லை. ஆனால் பாரம் பெரிது, ஓட்டம் நீளமானது. இந்த வகை ரோலரை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் வில்லியம் ஜாக்சன். அவருடைய இயந்திரங்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் நிறுவனம் வார்த்துக் கொடுத்தது. நம் மலையில் இன்றும் அந்த வமிசத்து ரோலர்கள் கொழுந்து உருட்டுகின்றன.

நான் என்ன செய்திருந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டோருக்குப் போய், பின்னை டிஜிட்டல் கலிப்பரால் பிடித்தேன். 63.42 மி.மீ. என்று காட்டியது. புஷ்ஷை 63.50இல் கடைந்தேன். இடைவெளி எட்டுப் புள்ளி, அதாவது அங்குலக் கணக்கில் மூன்று தவ் (ஒரு தவ் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தப் பருமனுக்கு அது சரியான இடைவெளி. கணக்கில் பிழையே இல்லை. புஷ் மட்டும் தட்டத் தொடங்கிவிடும்.

"பழைய பிட்டர் இருந்த வரைக்கும் இந்த ரோலர் சத்தம் போட்டதே இல்ல" என்றார் டீமேக்கர். "ரிட்டயராகிப் போன பொறகும் கூப்பிட்டா வந்து பாத்துக் குடுப்பாரு. அவரு போயி ரெண்டு வருசமாச்சு. பெட்டி இன்னும் லயத்துலதான் கெடக்கு."

ஸ்டோரின் இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்த்த அந்தப் பிட்டரின் கருவிப் பெட்டியைப் பற்றியது இந்த ஆய்வு.

பெட்டி வந்த விதம்

அந்தப் பிட்டரின் மனைவி லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதற்கு ஏற்கெனவே இரண்டு பேர் விலை பேசிவிட்டார்கள். ஒருவர் பழைய இரும்பு வாங்குபவர். கிலோ கணக்கில் கேட்டார். இன்னொருவர் ஒரு ஹோட்டலுக்காகச் சுவர் அலங்காரச் சாமான் தேடி வந்தவர். எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி மினுக்கிப் பலகையில் அடித்து மாட்ட வேண்டும் என்றார். இரண்டாமவர் நல்ல விலைதான் சொல்லியிருந்தார்.

"நீ வேல செய்யுற பயதானே, நீயே பாத்து சொல்லு" என்று பெரியம்மா சாவியைக் கையில் கொடுத்தார்.

திறந்ததும் முதலில் கற்பூர வாசம். அடுத்து மண்ணெண்ணெய், அதற்கடியில் பழைய தேயிலை வாசம். பெட்டியை அவரே செய்திருக்கிறார். பலகை, ஏற்றுமதித் தேயிலைப் பெட்டியின் பிளைவுட். உள்ளே சுற்றிலும் அதே தேயிலைப் பெட்டியின் அலுமினியத் தாளை ஒட்டியிருந்தார். தேயிலைக்குள் ஈரம் போகாமல் காத்த தாள், இங்கே எஃகுக்குள் ஈரம் போகாமல் காத்தது. ஒவ்வொரு அறையிலும் வேட்டித் துணியில் முடிந்த ஒரு கற்பூரக் கட்டி. பழைய மிஷினிஸ்டுகள் பல நாடுகளிலும் வைத்திருந்த பழக்கம் இது: கற்பூரம் மெல்ல ஆவியாகி எஃகின் மேல் படிந்து துருவைத் தள்ளிப்போடும். ஆனி, ஆடியில் வாரக்கணக்கில் வெயில் தெரியாத ஊரில் இந்தக் கருவிகள் இத்தனை காலம் தப்பியதற்கு அந்தத் தாளும் கற்பூரமும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூடியின் வெளிப்புறத்தில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. சரஸ்வதி பூசைக்கு ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதை முனிக்கு முன்னால் வைத்த பொட்டுகள். உள்ளே இருந்த எந்தக் கருவியிலும் ஒரு பொட்டுகூட இல்லை. ஈரச் சந்தனம் பட்டால் எஃகு அரிக்கும் என்று தெரிந்தவர், சாமிக்கான மரியாதையைப் பெட்டியின் நெற்றியோடு நிறுத்தியிருக்கிறார்.

உள்ளே இருந்தவற்றில் முக்கியமானவை: மூர் அண்ட் ரைட் மைக்ரோமீட்டர் ஒன்று, பூச்சியத்தில் இருந்து ஓர் அங்குலம் வரை, அதே ஷெஃபீல்ட் நிறுவனத்தின் இரண்டு முதல் மூன்று அங்குல மைக்ரோமீட்டர், சரிபார்க்கும் இரண்டு அங்குலக் கம்பியோடு, ஸ்டாரட் கம்பைன் ஸ்குவேர், அளவுக்கோடே இல்லாத வெளிக் கலிப்பரும் உள் கலிப்பரும், விட்வர்த் மரை பார்க்கும் தகட்டுக் கட்டு, ஓடாமல் நின்றுபோன ஒரு டயல் கேஜ், ஃபீலர் தகடுகள், ஒரு மிடுடோயோ வேர்னியர், சட்டம் வெடித்த இன்னொரு மைக்ரோமீட்டர், துருவில் மூட்டு இறுகிப்போன ஒரு டிவைடர்.

இவை இந்த மலைக்கு வந்த வழி நமக்குத் தெரிந்ததுதான். தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்திலேயே, காப்பி இயந்திரங்களுக்காக 1854இல் கண்டியில் வாக்கர் நிறுவனம் தொடங்கியது. 1875இல் நம் ஹட்டனிலேயே பிரவுன் நிறுவனம் பட்டறை போட்டது. 1884இல் ரயில் ஹட்டனைத் தொட்டது, அடுத்த வருடம் நானுஓயாவை. ரோலரை ஏற்றி வந்த ரயிலே அதைப் பழுது பார்க்கும் கருவிகளையும் ஏற்றி வந்தது. இயந்திரம் ஆங்கில அங்குலத்தில் பிறந்தது, அதன் மரை 1841இல் விட்வர்த் வகுத்த 55 பாகை மரை. நாடு மெட்ரிக்குக்கு மாறியும் ஸ்டோருக்குள் அங்குலம் போகவில்லை. 1970களில் இறக்குமதி இறுகிய காலத்தில், உடைந்த பாகத்தை அளந்து இங்கேயே செய்துகொள்ளத் தெரிந்த பிட்டர்தான் ஸ்டோரை ஓட்டினார். அந்தத் தலைமுறையின் பெட்டி இது.

ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துப் பார்ப்பது

சின்ன மைக்ரோமீட்டரை அன்று இரவு பட்டறை விளக்கின் கீழ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தத்துவம் எளிமையானது. பாரிஸில் ஜான் பால்மர் 1848இல் காப்புரிமை பெற்ற யோசனை: ஒரு மரையைச் சுற்றினால் அது எவ்வளவு நகரும் என்பது நிச்சயம். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்காவின் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தார்தான் அதைப் பட்டறைக் கருவியாகப் பரப்பினார்கள். அங்குலத்துக்கு 40 புரி. ஒரு முழுச் சுற்றுக்கு 25 தவ் நகரும். சுழலும் உறையின் விளிம்பில் 25 கோடுகள். ஆக ஒரு கோடு என்பது ஒரு தவ், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தச்சர்கள் 'ஒரு நூல்' என்று சொல்வது எட்டில் ஓர் அங்குலம். அந்த ஒரு நூலுக்குள் 125 தவ் அடங்கும். தலைமயிர் ஒன்று இரண்டு முதல் நான்கு தவ் தடிப்பு.

இனி அதன் உடம்பு. வளைந்த சட்டம் பிறை மாதிரி, நடுவில் தடித்து இரு நுனியிலும் மெலிகிறது. அளக்கும்போது சட்டத்தை விரிக்கப் பார்க்கும் விசை நடு வளைவில்தான் அதிகம். உலோகமும் அங்கேதான் அதிகம். சுழலும் உறையின் விளிம்பு கத்திமுனை மாதிரி சரிவாகச் சீவப்பட்டிருக்கிறது. உறையின் கோடும் உள்குழலின் கோடும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காக. தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலும் வாசிப்பு மாறாது. ஐந்தின் கோடுகள் மற்றவற்றைவிட நீளம். மங்கலான ஸ்டோர் வெளிச்சத்தில் கண் எண்ணாமலே இடம் பிடிக்கும். கைப்பிடியில் வெட்டிய சொரசொரப்பு வைரக்கட்டம் வைரக்கட்டமாக, எண்ணெய்க் கை வழுக்காத அளவுக்குக் கூர்மை, விரலைக் கீறாத அளவுக்கு மழுக்கம். சட்டத்தின் பக்கவாட்டில் பின்னங்களின் தசம அட்டவணை பொறித்திருக்கிறது: எட்டில் ஒன்று .125, பதினாறில் ஒன்று .0625. எழுத்து அத்தனை பொடி, அத்தனை தெளிவு.

இதில் அலங்காரத்துக்கென்று ஒரு கோடும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நல்ல வீணையின் குடம் ஏன் அந்த வடிவம் என்று கேட்டால் நாதத்துக்காக என்பார்கள். பார்ப்பவனுக்கோ அது அழகு. இந்தச் சட்டத்தின் வளைவும் அப்படித்தான். செய்தவர் யாரோ, உபயோகிப்பவனின் கண், விரல், களைப்பு எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகு மிஞ்சிய வடிவம் இது.

சட்டத்தின் ஓர் ஓரத்தில், கட்டைவிரல் படியும் இடத்தில், ஒரு கறுப்புத் தழும்பு. நீலம் ஓடிய கறுப்பு. வாழைப்பூ நறுக்கிய கத்தியில் ஏறும் கறுப்பை எல்லோரும் பார்த்திருப்போம், அதே சங்கதி. தேயிலைச் சாற்றில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் இந்த நிறம் வரும். கொழுந்து பறிக்கும் கைகளில் கறை ஏறுவது போல, ரோலர் அடியில் படுத்து எழுந்து அளந்த பிட்டரின் கட்டைவிரல் இந்த எஃகில் ஏறியிருக்கிறது. விரல் ரேகைகூட லேசாகத் தெரிந்தது. என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அவருடையது என்னுடையதைவிட அகலம்.

சுத்தம் செய்ததும், செய்யாமல் விட்டதும்

வேலை பழகிய காலத்தில் ஒரு தவறு செய்தேன். முதலாளியின் மைக்ரோமீட்டர் துருப்பிடித்திருக்கிறது என்று நல்ல எண்ணத்தில் கம்பிச் சக்கரத்தில் பிடித்துவிட்டேன். மினுமினுவென்று வந்தது. உறையில் இருந்த கோடுகள் பாதி போய்விட்டன. அவர் திட்டவில்லை, அதை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார், பிறகு எடுக்கவே இல்லை. அந்த லாச்சி மூடிய சத்தம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே பெட்டியில் இருந்த எதையும் மண்தாளோ சக்கரமோ தொடவில்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சொரசொரப்புக்குள் இருந்த அழுக்கை ஈர்க்குச்சியால் எடுத்தேன். துருப்புள்ளிகளை எண்ணெய் விட்டு, சீவிய பித்தளைத் துண்டால் சுரண்டினேன். பித்தளை துருவை எடுக்கும், எஃகைக் கீறாது. கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. டயல் கேஜுக்கு மட்டும் எண்ணெய் போடவில்லை. அது நின்றதே பழைய எண்ணெய் பிசினாகி இறுகியதால்தான். பெட்ரோலில் கழுவி உலர விட்டதும் முள் நடக்கத் தொடங்கியது. அதன் தண்டு உலர்ந்தே ஓட வேண்டும். எண்ணெய் விட்டால் தூசி சேரும்.

கட்டைவிரல் கறுப்பை அப்படியே விட்டேன். அது அளவைப் பாதிக்கும் இடம் இல்லை. டானின் பூச்சு துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். அந்த இரண்டு காரணமும் இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன்.

அடுத்த கேள்வி: இவை இன்னும் உண்மை சொல்கின்றனவா? பழைய கருவியை நேசிப்பவர்கள் பலர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பொய் சொல்லும் மைக்ரோமீட்டர் எத்தனை அழகாக இருந்தாலும் வெறும் கனம்தான்.

தொழிற்பயிற்சி கொடுக்கும் நண்பர் ஒருவரிடம் கேஜ் பிளாக் பெட்டியை இரவல் வாங்கினேன். சுவீடனின் கார்ல் ஜோஹான்சன் கொண்டுவந்த, அளவு துல்லியமான எஃகுக் கட்டைகள். முகத்தோடு முகம் வழுக்கி அழுத்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தட்டையானவை. மைக்ரோமீட்டரின் இரு முகங்களுக்கு நடுவே சுத்தமான காகிதத்தை மெல்லப் பிடித்து இழுத்துத் துடைத்தேன். மூடிப் பார்த்தால் பூச்சியத்தில் இருந்து ஒன்றரைக் கோடு தள்ளி நின்றது. பெட்டியிலேயே கிடந்த கொக்கிச் சாவியால் உள்குழலைத் திருப்பிச் சரிசெய்தேன்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். கால், அரை, முக்கால் அங்குலக் கட்டைகளை மட்டும் வைத்துச் சோதித்தால் போதாது. அவை எல்லாம் 25 தவ்வின் மடங்குகள். உறை ஒவ்வொரு முறையும் அதே பூச்சியக் கோட்டில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் மரை கோணலாக இருந்தால் அது தெரியவே தெரியாது. அதனால் 0.105, 0.210, 0.315, 0.420 என்று ஒவ்வொன்றும் உறையை வெவ்வேறு இடத்தில் நிறுத்தும் கட்டைகளால் பார்க்க வேண்டும். பார்த்தேன். கோடுகளுக்கு நடுவில் கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடிய அளவில், எல்லா இடத்திலும் சரியாகவே நின்றது, அரை அங்குலத்துக்குச் சற்று மேலே தவிர. அங்கே தவ்வில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விலகல். மரையில் அந்தப் பகுதி மட்டும் தேய்ந்திருக்கிறது. அவர் வாழ்நாளில் அதிகம் அளந்தது அரை அங்குலப் பருமனை என்று கருவியே சொல்கிறது.

பெரிய மைக்ரோமீட்டர் இரண்டு அங்குலக் கம்பியோடு அப்படியே ஒத்துப்போனது. ஸ்குவேரைச் சோதிக்கக் கட்டை தேவையில்லை: நேரான விளிம்புள்ள தகட்டில் வைத்து ஒரு கோடு கீறி, புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. பிழை இருந்தால் இரு மடங்காகத் தெரியும். இரண்டு கோடும் நுனிவரை ஒன்றாகவே போயின. லாரோய் ஸ்டாரட் இந்த ஸ்குவேருக்கு 1879இல் காப்புரிமை பெற்று, அடுத்த வருடம் அமெரிக்காவின் ஏதொல் என்ற ஊரில் நிறுவனம் தொடங்கினார். வடிவம் இன்றுவரை மாறாமல் அதேதான் விற்கிறது. மாற்ற எதுவும் இருக்கவில்லை.

பின்னை மறுபடி அளந்தது

ரோலர் நின்று ஓர் இரவு கழிந்த பிறகு போனேன். ஓடி முடித்த பின் சூட்டில் பெருத்திருக்கும். எஃகு ஒரு பாகை செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் பதினொன்றரைப் பங்கு நீளும். இரண்டரை அங்குலப் பின் பதினைந்து பாகை கூடச் சூடாக இருந்தால் கிட்டத்தட்ட அரைத் தவ் ஏமாற்றும். உலகம் முழுதும் நீள அளவுக்கு ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை. 1931 முதல் அப்படித்தான். ஹட்டனின் சாதாரண நாள் கிட்டத்தட்ட அதே குளிர்தான். பெரிய நாடுகளில் குளிரூட்டிய அறை கட்டிப் பிடித்து வைக்கும் வெப்பநிலையை நமக்கு மலை சும்மா கொடுக்கிறது. கைச்சூடு சட்டத்தில் ஏறாமல் இருக்க மைக்ரோமீட்டரைத் துணியால் பிடித்துக்கொண்டேன். பெட்டியில் அதற்கென்றே மடித்த துணி இருந்தது.

மைக்ரோமீட்டரால் அளப்பது ஒரு பேச்சுவார்த்தை மாதிரி. கலிப்பரை மாட்டினால் எண் வந்துவிடும். இதை முகம் பொருத்தி, லேசாக ஆட்டி, பெரிய இடத்தைத் தேடி, ரெட்செட்டை (அழுத்தம் மிஞ்சினால் நழுவும் திருகுதலை) திருகி, கிரிக் கிரிக் என்று இரண்டு தடவை நழுவ விட்டு, பிறகுதான் வாசிக்க வேண்டும். தேடாமல் விடை கிடைக்காது. தேடிக்கொண்டே போகும் கை ஓர் இடத்தில் நிற்காது, அடுத்த இடத்தையும் தொடும். கழுத்தோரத்தில் 2.497. முன்பு என் கலிப்பர் காட்டிய 63.42 மி.மீ. இதுதான், அங்கே புஷ் அதிகம் தொடுவதில்லை, தேய்மானமும் குறைவு. நடுவில், கிராங்குக் கைக்குக் குறுக்காகப் பிடித்தால் 2.4965. அதே இடத்தில் கால் சுற்றுத் திருப்பி, கைக்கு நேராகப் பிடித்தேன். 2.4885.

மறுபடி துடைத்து, மறுபடி பிடித்தேன். 2.4885.

எட்டுத் தவ். பின் வட்டமாகவே இல்லை. காரணமும் அப்போது விளங்கியது. ரோலர் பெட்டி வட்டமாக ஓடும்போது அதன் பாரம் எப்போதும் வெளிப்பக்கமாகவே இழுக்கும்; அந்த இழுப்பு கிராங்கோடு சேர்ந்தே சுற்றும். ஆகவே புஷ் சுற்றிலும் தேயும், பின்னோ எத்தனை லட்சம் சுற்று ஓடினாலும் அதே ஒரு பக்கத்தில்தான் தேயும். நான் மூன்று தவ் இடைவெளி என்று நினைத்துக் கடைந்த புஷ்ஷில், ஒரு திசையில் மூன்றரைத் தவ்வும் மறுதிசையில் பதினொன்றரைத் தவ்வும் இடைவெளி. தட்டாமல் என்ன செய்யும்?

இதற்கு டிஜிட்டல் கலிப்பரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எட்டுத் தவ்வை அதாலும் பிடிக்க முடியும், நாலு திசையிலும் பிடித்திருந்தால். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1890இல் சொன்ன விதி: அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் மரையும் பொருளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. கலிப்பரில் பொருள் தாடைக்குள் தள்ளி இருக்கிறது, அளவுகோல் மேலே இருக்கிறது. தாடை சற்றுச் சாய்ந்தாலும் எண் நகரும். தடித்த பின்னைப் பிடிக்கும்போது தாடையின் நுனிதான் தொடும். சாய்வும் அங்கேதான் அதிகம்.

பட்டறைக்கு வந்து மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைக்கும்போதுதான் மூடியின் உட்புறம் கண்ணில் பட்டது. முதல் நாளே பார்த்திருந்தேன். அலுமினியத் தாளுக்கு மேலே ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் ஏதோ எண்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது வாசிக்க முடிந்தது. தலைப்பு: 'ரோலர் 3, முதல் பின்'. கீழே இரண்டு வரிசை, 'குறுக்கு', 'நேர்'.

1989: 2.4990, 2.4985.
1996: 2.4985, 2.4965.
2004: 2.4980, 2.4935.
2013: 2.4970, 2.4905.

பக்கத்தில் ஒவ்வொரு முறையும் போட்ட புஷ்ஷின் அளவு. பெரிய அளவைவிட ஒன்றரைத் தவ் மட்டும் கூட வைத்து, மீதியை, உரசும் இடம் தெரிய நீலம் தடவி, கையால் சுரண்டிப் பொருத்தியிருக்கிறார். அந்த இறுக்கத்தால்தான் சத்தம் வராமல் ஓடியிருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே தமிழில்: 'ஸ்டோர் நிப்பாட்டும்போது பின் கழட்டி கடைய வேணும்.'

செய்து முடித்தது

இந்த ரோலரில் பின்னைத் தனியாகக் கழற்றலாம். பின்னின் இரு முனையிலும் ஆதியில் அதைக் கடைந்தவர்கள் போட்ட சென்டர் துளைகள் இருந்தன, அவற்றையே பிடித்தேன். தேய்ந்த பின்னின் நடுவைப் புதிதாகத் தேடியிருந்தால் கிராங்கின் வீச்சு மாறி, மற்ற இரண்டு கிராங்குகளோடு சண்டை பிடித்திருக்கும். உயிர்த்தெழுந்த டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். நல்ல பக்கத்தில் முள் அசையவே இல்லை, தேய்ந்த பக்கத்தில் எட்டுத் தவ் இறங்கி ஏறியது. 2.4800க்குக் கடைந்தபோதுதான் கடைசிப் பள்ளமும் மறைந்தது. மற்ற இரண்டு பின்களும் நீள்வட்டம்தான், இவ்வளவு மோசமில்லை. மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன்.

புஷ்ஷின் துளையை அவருடைய உள் கலிப்பராலேயே அளந்தேன். அதில் கோடும் இல்லை, எண்ணும் இல்லை. இரண்டு வளைந்த கால்கள், ஒரு மூட்டு. துளைக்குள் விட்டு, கால்நுனி சுவரை உரசுகிறதா இல்லையா என்னும் அந்த இடத்தில் நிறுத்தி, வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் கடத்த வேண்டும். பழகிய கை இதில் ஒரு தவ் வித்தியாசத்தை உணரும். என் கைக்கு முதல் நாள் வரவில்லை. மூன்றாம் நாள், கால் சுவரைத் தொடுவது விரலுக்கு ஒரு சின்னப் பெருமூச்சு மாதிரி தெரியத் தொடங்கியது. 2.4840க்குக் கடைந்து, இறுக்கி அடித்த பிறகு அளந்தால் ஒரு தவ் சுருங்கி 2.4830. அதுதான் வேண்டியது.

எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஆட்டம் மூன்று தவ்விலிருந்து நான்கைத் தாண்டவில்லை. டீமேக்கர் கன்மெட்டலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பிளேன்டீ வரவழைத்தார்.

பெட்டிக்கு என்ன ஆனது

ஹோட்டல்காரர் மறுபடி வந்தார். அவரை நான் குறைவாக நினைக்கவில்லை. இரும்புக்காரரின் தராசுக்குப் போவதைவிடச் சுவர் எவ்வளவோ மேல். சுவரில் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை 'இது என்ன?' என்று கேட்கக்கூடும். ஆனால் ஓடுகிற ரெட்செட்டை ஆணியடித்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. திருகாத மைக்ரோமீட்டரின் அழகில் பாதி தெரியாது. அது கையில் கனத்து, விரலில் சுழன்று, கிரிக் என்று சொல்லும்போதுதான் ஏன் அப்படி வளைத்தார்கள், ஏன் அங்கே சீவினார்கள் என்பதெல்லாம் விளங்கும்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். முடிவு அவருடையது. சட்டம் வெடித்த மைக்ரோமீட்டர், இறுகிய டிவைடர் என்று வேலைக்கு ஆகாதவை ஹோட்டலுக்குப் போயின. அந்தப் பணம் அவருக்கு. மினுக்க வேண்டாம், அப்படியே மாட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்றார்கள். மீதி பெட்டியோடு என் பட்டறையில் இருக்கிறது, பெரியம்மாவின் பேரன் எடுத்துக்கொள்ளும் வரைக்கும். பையன் சனிக்கிழமைகளில் வருகிறான். முதல் வேலையாக அவனுக்குக் கொடுத்தது கற்பூரம் மாற்றுவது. இரண்டாவது, மைக்ரோமீட்டரை வைக்கும்போது முகங்களை முழுதாக மூடாமல் ஒரு நூல் இடம் விடுவது. மூடி வைத்தால் ஈரம் இரண்டு முகத்துக்கும் நடுவில் சிக்கி இரண்டையும் சேர்த்து அரிக்கும்.

போன சரஸ்வதி பூசைக்குப் பெரியம்மா பட்டறைக்கு வந்தார். பெட்டியின் நெற்றியில் பழைய பொட்டுகளுக்கு மேலேயே சந்தனம் வைத்தார். பிறகு மூடியைத் திறக்கச் சொன்னார். 2013க்குக் கீழே நான் அதே மாதிரி பென்சிலால் எழுதியிருந்ததை விரல் வைத்துப் பார்த்தார்.

"மேல இருக்குறதெல்லாம் வேற வேற நம்பரு. இது ரெண்டும் ஒண்ணா இருக்கே?"

"ஆமா பெரியம்மா. குறுக்கும் 2.4800, நேரும் 2.4800."